மேல கினிப்பன்றி, கீழ டிபி வார்டு: பால்டிமோர் பரிசோதனை பத்தி ஒரு கேஸ் ஸ்டடி

டிபி காத்துல பரவும்னு இன்னைக்கு ஸ்கூல் பையன்கிட்ட கேட்டாக்கூட சொல்லிடுவான். ஆனா அதை ஒருத்தர் உட்கார்ந்து நிரூபிச்சது எப்போன்னு கேட்டா பல பேரு ராபர்ட் கோக், 1882ன்னு ஆரம்பிப்பாங்க. கோக் கண்டுபிடிச்சது கிருமியை. அந்தக் கிருமி ஒரு ஆளோட நெஞ்சுலேர்ந்து இன்னொரு ஆளோட நெஞ்சுக்கு எந்த வழியா போகுதுன்னு சந்தேகத்துக்கு இடமில்லாம காட்டறதுக்கு அதுக்கப்புறம் முக்கால் நூற்றாண்டு ஆச்சு, அதுக்கும் ஒரு ஆஸ்பத்திரி வார்டு, ஒரு காத்துக் குழாய், நூத்தம்பது கினிப்பன்றி தேவைப்பட்டுச்சு. அந்தக் கதையைத்தான் முழுசா எழுதப்போறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல அப்போ என்ன நம்பிட்டு இருந்தாங்கன்னு பார்த்துடலாம். கோக்குக்கு அப்புறம் ரெண்டு கட்சி இருந்துச்சு. ஒரு கட்சி, நோயாளி துப்புற சளி காய்ஞ்சு தூசியாகி அதுலேர்ந்து பரவுதுன்னு சொன்னாங்க. இன்னொரு கட்சி ஜெர்மனியில கார்ல் ஃப்ளூகேவோடது, இருமும்போது தெறிக்கிற துளிதான் காரணம்னாங்க. அப்புறம் 1910ல அமெரிக்காவுல சார்லஸ் சேப்பின்னு ஒரு பெரிய பொது சுகாதார ஆளு, காத்துல பரவுதுங்கறது பெரும்பாலும் பழைய மூடநம்பிக்கை, எல்லாமே கிட்டத்துல தொடறது, தெறிக்கிறதுதான்னு புத்தகம் போட்டுட்டாரு. அவர் சொல்லு அவ்ளோ வெயிட்டா இருந்ததால அடுத்த ஒரு தலைமுறைக்கு 'காத்து'ன்னு யாராவது சொன்னாலே கெட்ட காத்து, பேய்க்காத்து காலத்து ஆளு மாதிரி பார்த்தாங்க.

ஆனா கண்ணு முன்னாடி ஒரு புதிர் இருந்துச்சு. நார்வேயில ஆஸ்லோவுல உல்லெவோல் ஆஸ்பத்திரியில யோஹானஸ் ஹைம்பெக்னு ஒரு டாக்டர் 1920கள்ல நர்சிங் படிக்க வர்ற பொண்ணுங்களுக்கு டியூபர்குலின் டெஸ்ட் (டிபி கிருமி உடம்புக்குள்ள நுழைஞ்சிருக்கான்னு காட்டற தோல் ஊசி) போட்டுப் பார்த்தாரு. சேரும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு நெகட்டிவ், படிப்பு முடிஞ்சு போகும்போது கிட்டத்தட்ட எல்லாருக்குமே பாசிட்டிவ். இந்தப் பொண்ணுங்க கை கழுவுனாங்க, துணியெல்லாம் கொதிக்க வச்சாங்க, சளிக் கோப்பையை பத்திரமா அப்புறப்படுத்துனாங்க, அப்படியும் கிட்டத்தட்ட எல்லாருக்கும் தொத்திக்கிச்சுன்னா வழி வேற எங்கயோ இருக்குன்னு தானே அர்த்தம்.

இங்கதான் வில்லியம் ஃபிர்த் வெல்ஸ் வர்றாரு. டாக்டர் இல்ல, சுகாதார இன்ஜினியர். 1930கள்ல ஹார்வர்டுல இருக்கும்போது ஒரு சின்ன கணக்கு போட்டாரு: இருமுனா வர்ற துளியில பெருசு கீழ விழும், ஆனா சின்னது கீழ விழறதுக்கு முன்னாடியே காய்ஞ்சுடும், காய்ஞ்சப்புறம் மிச்சம் இருக்கிற துளிக்கரு அவ்ளோ லேசு, மணிக்கணக்கா அறையில மிதந்துட்டே இருக்கும். சிகரெட் புகை எப்படி அறை முழுக்க போய் நிக்குதோ அப்படி. 1934ல இதை எழுதிட்டாரு. அப்புறம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்க சக ஆராய்ச்சியாளர்களோட சேர்ந்து முயலை வச்சு டிபி பரிசோதனை பண்ணாரு, ரொம்ப நுண்ணிய துகளா கொடுத்தா முயல் நுரையீரல்ல கட்டி முளைக்குது, பெரிய துகளா கொடுத்தா ரொம்ப கம்மி, ஏன்னா பெருசு மேல மூக்கு தொண்டையிலயே மாட்டிக்குது. டிபி கிருமிக்கு நுரையீரலோட அடி ஆழம், அந்த குட்டிக் காத்துப்பை வரைக்கும் போயே ஆகணும், வாசல்ல நின்னா வேலைக்காகாது.

(இந்த இடத்துல ஒரு சின்ன புலம்பல். பிற்காலத்துல '5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழன்னா காத்துல மிதக்கும், மேலன்னா கீழ விழுந்துடும்'னு ஒரு விதி பாடப்புத்தகத்துல எல்லாம் உட்கார்ந்துச்சு பாருங்க, அது வெல்ஸ் சொன்ன எல்லையே இல்ல. அவர் சொன்ன எல்லை 100 மைக்ரான் பக்கம். 5ங்கறது எவ்ளோ சின்னதா இருந்தா நுரையீரலோட அடி வரைக்கும் போகும்ங்கற கணக்கு, அதாவது டிபிக்கான கணக்கு. எது மிதக்கும்ங்கற கேள்விக்கான பதிலையும் எது அடி வரைக்கும் போகும்ங்கற கேள்விக்கான பதிலையும் யாரோ ஒண்ணா கலந்துட்டாங்க. கொரோனா வந்து உலகமே சண்டை போட்ட பிறகுதான் இதை தோண்டி எடுத்தாங்க.)

சரி, விஷயத்துக்கு வர்றேன். வெல்ஸோட மாணவர் ரிச்சர்ட் ரைலி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல நுரையீரல் உடலியல் ஆளு. முயல் பரிசோதனை எல்லாம் செயற்கையா தெளிச்ச கிருமி, நிஜ மனுஷன் இருமி நிஜமா பரவறதைக் காட்டினாத்தான் ஊரு நம்பும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அதனால அமெரிக்காவுல பால்டிமோர்ல முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில ஒரு வார்டையே பரிசோதனைக் கருவியா மாத்துனாங்க. இவங்க கூட கிரெட்டில் மில்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர்.

செட்டப் இதுதான். ஆறு பெட். சளியில கிருமி இருக்கிற டிபி நோயாளிங்க. வார்டை காத்து கசியாம அடைச்சு, உள்ள இருக்கிற காத்து மொத்தமும் ஒரே குழாய் வழியா வெளிய போற மாதிரி பண்ணிட்டாங்க. அந்தக் குழாய் நேரா கட்டடத்தோட உச்சியில கட்டுன ஒரு கூண்டு அறைக்குப் போகுது, அங்க சராசரியா நூத்தம்பது சொச்சம் கினிப்பன்றிங்க வாழுதுங்க. பேருலதான் பன்றி, ஆளு எலி சைஸைவிட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். கீழ நோயாளி இருமறதை மேல இதுங்க மூச்சா இழுக்குதுங்க, நடுவுல குழாயைத் தவிர ஒரு தொடர்பும் இல்ல. தொடல, துணி இல்ல, கோப்பை இல்ல, தெறிக்கிற துளி அவ்ளோ தூரம் குழாயில ஏறி வரவும் வராது.

ஏன் கினிப்பன்றின்னா, அதுக்கு டிபி வந்தா தப்பவே தப்பாது, ரொம்ப கொஞ்சம் கிருமி போதும். இன்னொரு வசதி, ஒண்ணுலேர்ந்து பக்கத்துல இருக்கிறதுக்கு அவ்ளோ சுலபமா பரப்பாது. மாசம் ஒரு தடவை எல்லாத்துக்கும் டியூபர்குலின் ஊசி, பாசிட்டிவ் ஆனதை வெளிய எடுத்து அறுத்துப் பார்க்கணும், அதுலேர்ந்து கிருமியை வளர்க்கணும். நான் இதுல ரொம்ப நேரம் நின்னு யோசிச்சது இந்த அறுத்துப் பார்க்கிற இடத்துலதான். நுரையீரலைத் திறந்தா பெரும்பாலும் ஒரே ஒரு புள்ளி. ஒரு கட்டி, அவ்ளோதான். கிருமி மூட்டை மூட்டையா போயிருந்தா நுரையீரல் பூரா தூவுன மாதிரி இருந்திருக்கணும். ஒரே புள்ளின்னா ஒரே ஒரு துளிக்கரு உள்ள போய் ஒரே இடத்துல உட்கார்ந்து வேலையை முடிச்சிருக்கு. வெல்ஸ் காகிதத்துல போட்ட கணக்கு ஒரு கடுகு சைஸ்ல கண்ணுக்கு முன்னாடி இருக்கு.

ரெண்டு வருஷத்துல 71 கினிப்பன்றிக்கு தொத்துச்சு, மாசத்துக்கு மூணுன்னு வச்சுக்கலாம். 1959ல இதை வெளியிட்டாங்க.

இங்க ஒரு கணக்கு போடலாம், ரொம்ப எளிமை, ஆனா இந்தக் கணக்கை முதல் தடவை போட்டுப் பார்த்தப்போ எனக்கு நர்சுங்க புதிர் சட்டுனு விளங்குச்சு. ஒரு கினிப்பன்றி ஒரு நாளைக்கு இழுக்கிற காத்து கால் கன மீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. நூத்தம்பதுன்னா ஒரு நாளைக்கு 34, 35 கன மீட்டர், மாசத்துக்கு ஆயிரம். ஆயிரத்துக்கு மூணு தொத்துன்னா முன்னூத்துச் சொச்சம் கன மீட்டர் காத்துக்கு ஒரே ஒரு தொத்து அளவு. காத்து கிருமிக்கடலா இல்ல, கிட்டத்தட்ட காலியாத்தான் இருந்துச்சு. இப்போ மனுஷனுக்கு வாங்க: சும்மா இருக்கிற ஆளு மணிக்கு அரை கன மீட்டர் இழுக்கிறாரு, முன்னூறு இழுக்க 600 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்டுன்னா 75 ஷிஃப்ட். டிபி வார்டுல மாசக்கணக்கா வேலை பார்க்கிற நர்சிங் மாணவிக்கு தொத்தாம இருந்தாத்தான் அதிசயம், அதே சமயம் ஒரு நாள் பார்க்க வந்துட்டுப் போற சொந்தக்காரருக்கு தொத்தினா அது துரதிர்ஷ்டம். காத்துல பரவற நோய்னா ஒரே நாள்ல எல்லாருக்கும் வரணுமே, அப்படி வரலையே, அப்போ காத்து இல்லன்னு சேப்பின் கட்சிக்காரங்க சொன்ன வாதம் இந்த இடத்துல படுத்துடுச்சு.

இந்த 'தொத்து அளவு'க்கு வெல்ஸ் குவாண்டம்னு பேரு வச்சிருந்தாரு, ஒரு கிருமின்னு அர்த்தம் இல்ல, தொத்தறதுக்குப் போதுமான ஒரு டோஸ்னு அர்த்தம். 1978ல ரைலி இதையே ஒரு ஸ்கூல்ல தட்டம்மை பரவினதுக்குப் பொருத்தி ஒரு சமன்பாடாவே எழுதினாரு, இன்னைக்கும் காத்தோட்டம் பத்தி எந்த கால்குலேட்டரைத் திறந்தாலும் உள்ள அந்த வெல்ஸ் ரைலி சமன்பாடுதான் ஓடிட்டு இருக்கும்.

ஆனா விமர்சகர்கள் சும்மா விடுவாங்களா. தீனியில வந்திருக்கலாம், தண்ணியில வந்திருக்கலாம், பார்த்துக்கிற ஆளு மூலமா வந்திருக்கலாம், காத்துன்னு எப்படி சொல்றீங்கன்னாங்க. நியாயமான கேள்விதான், நான் அவங்க இடத்துல இருந்தாலும் கேட்டிருப்பேன். அதனால மறுபடியும் ஒரு ரெண்டு வருஷம். இந்த தடவை மேல ரெண்டு கூண்டு அறை. ரெண்டுக்கும் அதே வார்டோட காத்து, அதே தீனி, அதே பராமரிப்பு. ஒரே வித்தியாசம், ஒரு அறைக்குப் போற குழாயில மட்டும் புற ஊதா விளக்கு. காத்து அந்த வெளிச்சத்தைக் கடந்துதான் உள்ள போகணும். விளக்கு இல்லாத பக்கம் முன்ன மாதிரியே தொத்திக்கிட்டே இருந்துச்சு. விளக்கு இருந்த பக்கம் ஒண்ணு கூட இல்ல. பூஜ்யம். அதோட அந்த வாதமும் முடிஞ்சது. 1962ல வந்த பேப்பர் அது. வெல்ஸ் அதுக்குள்ள உடம்பு முடியாம படுத்துட்டாரு, 1963ல இறந்துட்டாரு.

பெரும்பாலான கட்டுரை இந்த இடத்துல 'காத்துல பரவுதுன்னு நிரூபணம் ஆச்சு'ன்னு சொல்லி முடிச்சுடும். என் பார்வையில 1962 பேப்பரோட தங்கம் அது இல்ல, அடுத்த பாதிதான். யாரு பரப்புறாங்கன்னு பார்த்தாங்க பாருங்க, அது.

அப்போ டிஎன்ஏ கைரேகை எல்லாம் கிடையாது. ஆனா மருந்து எதிர்ப்பு ஒரு கைரேகை மாதிரி உதவுச்சு. ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியசிட், பாஸ்னு மூணு மருந்து புழக்கத்துல இருந்த காலம், எந்த நோயாளியோட கிருமி எதுக்கு அடங்கும் எதுக்கு அடங்காதுங்கறது ஆளுக்கு ஆளு மாறும். கினிப்பன்றியிலேர்ந்து வளர்த்த கிருமியையும் அந்த சமயத்துல கீழ பெட்டுல இருந்தவங்க கிருமியையும் பொருத்திப் பார்த்தா பல இடத்துல 'இவருதான்'னு விரல் நீட்ட முடிஞ்சுச்சு. நீட்டிப் பார்த்தா எல்லா நோயாளியும் ஒண்ணு இல்ல. சிலரு வந்தாங்க, படுத்தாங்க, போனாங்க, மேல ஒண்ணுமே ஆகல. குரல்வளையில டிபி இருந்த ஒருத்தரு மட்டும் மேல இருந்ததுல ஒரு கூட்டத்துக்கே கொடுத்துட்டுப் போயிட்டாரு. அவர் இருந்தப்போ காத்துல ஏறக்குறைய 200 கன அடிக்கு ஒரு தொத்து அளவு, அதாவது ஆறு கன மீட்டருக்கும் கம்மி. மேல போட்ட கணக்குப்படி பார்த்தா 600 மணி நேரம் 11, 12 மணி நேரமா சுருங்கிடுது. ஒரு நைட் ஷிஃப்ட்.

அடுத்தது இன்னும் முக்கியம். மருந்துக்கு அடங்கற கிருமி இருந்து, மருந்து இன்னும் ஆரம்பிக்காத நோயாளியோட பரப்பும் வீரியத்தை 100ன்னு வச்சுக்கிட்டா, அதே மாதிரி கிருமி இருந்து மருந்து ஆரம்பிச்ச நோயாளிக்கு 2. இருபது இல்ல, ரெண்டு. மருந்துக்கு அடங்காத கிருமிக்காரங்கள்ல மருந்து இல்லாதவங்க 28, மருந்துல இருந்தவங்க 5. ரைலி எழுதும்போது ஒரு விஷயத்தை கவனமா சொல்லியிருக்காரு, இந்த 'மருந்துல இருந்தவங்க' மாசக்கணக்கா சாப்பிட்டு சுத்தமானவங்க இல்ல, மருந்து ஆரம்பிக்கிற சமயத்துலதான் வார்டுக்கே வந்தாங்க, சளி முழுசா நெகட்டிவ் ஆகறதுக்கு முன்னாடியே பெரும்பாலும் வெளிய போயிட்டாங்க. அதாவது மைக்ராஸ்கோப்புல சளியில கிருமி இன்னும் தெரியுது, ஆளு இன்னும் இருமறாரு, ஆனா மேல கினிப்பன்றிக்கு கிட்டத்தட்ட ஒண்ணும் ஆகல. சளி ரிப்போர்ட் பாசிட்டிவ்ங்கறதும் தொத்த வைப்பாருங்கறதும் ஒண்ணு இல்ல, மருந்து உள்ள போன பிறகு அது ரெண்டும் வேகமா பிரிஞ்சுடுது.

இதே வருஷங்கள்ல உலகத்தோட இந்தப் பக்கம், 1956ல சென்னையில ஆரம்பிச்ச காசநோய் கீமோதெரபி மையத்துல இதுக்கு ஜோடியா ஒரு ஆய்வு நடந்துச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சாத்தான் ருசி. 193 நோயாளிங்களை குலுக்கல் முறையில பிரிச்சு பாதிப் பேரை சானடோரியத்துல (டிபி நோயாளிங்களைத் தனியா தங்க வச்சுப் பார்க்கிற ஆஸ்பத்திரி), பாதிப் பேரை அவங்கவங்க வீட்லயே வச்சு ஒரு வருஷம் ஐசோனியசிட், பாஸ் கொடுத்தாங்க. நெரிசலான சின்ன வீடு, போதுமான சாப்பாடு கிடையாது, அதனால வீட்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் வந்துடும்னுதான் பயந்தாங்க. அஞ்சு வருஷம் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்தாங்க, வீட்லயே வச்சுப் பார்த்ததால கூடுதலா யாருக்கும் ஆபத்து வரல. நோயாளி வீட்ல கொடுக்க வேண்டியதை மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கொடுத்து முடிச்சுட்டாரு, ஆரம்பிச்ச பிறகு பெருசா ஒண்ணும் இல்ல. கினிப்பன்றி சொன்ன அதே பதிலை மனுஷக் குடும்பங்களும் சொன்னாங்க. சானடோரியங்க உலகம் முழுக்க மூட ஆரம்பிச்சதுல இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, மருந்து நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சதும் பணக்கார நாடுங்க டிபி முடிஞ்சுதுன்னு கடையைக் கட்டிட்டாங்க, கினிப்பன்றி கூண்டும் காலி. எச்ஐவியும் பல மருந்து எதிர்ப்பு டிபியும் வந்து அடிச்ச பிறகுதான் மறுபடி தூசி தட்டினாங்க. பெருவுல லிமாவுல ரோடரிக் எஸ்கோம்ப் குழு அதே மாதிரி மேல கூண்டு கட்டினாங்க, கீழ எச்ஐவியும் டிபியும் சேர்ந்து இருந்த நோயாளிங்க. அங்கயும் அதே கதை: பரப்பினது ரொம்பக் கொஞ்சம் பேரு, அதுலயும் பெரும்பங்கு மருந்து எதிர்ப்பு இருந்து அதுக்கு சரியான மருந்து கிடைக்காம இருந்தவங்க.

அதே குழுவோட 2007 வேலை ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா செலவே இல்லாத விஷயம். லிமாவுல எட்டு ஆஸ்பத்திரியில 70 அறை. அறையை மூடி கார்பன் டை ஆக்சைடை திறந்து விட்டு, ஃபேனால கலக்கி, அப்புறம் ஜன்னல் கதவைத் திறந்து அது எவ்ளோ வேகமா குறையுதுன்னு அளந்தாங்க. ஜன்னல் முழுசா திறந்திருந்தா மணிக்கு 28 தடவை அறைக் காத்து மாறுது, மெஷின் வச்சு காத்தோட்டம் தர்ற அறைக்கு பரிந்துரையே 12தான். 1950க்கு முன்னாடி கட்டின உயரக் கூரை, பெரிய ஜன்னல் வார்டுங்கள்ல 40, பிற்காலத்துல கட்டின நவீன வார்டுங்கள்ல 17. மருந்து ஆரம்பிக்காத டிபி நோயாளிங்களோட ஒரு நாள் முழுக்க ஒரே அறையில இருந்தா எத்தனை பேருக்கு தொத்தும்னு வெல்ஸ் ரைலி சமன்பாட்டுல போட்டுப் பார்த்தா மெஷின் அறையில 39 சதவீதம், நவீன வார்டுல ஜன்னல் திறந்து 33, பழைய வார்டுல 11. தாத்தா காலத்து கட்டடத்தை இடிச்சுட்டு நாம கட்டினது இதைத்தான்.

தென்னாப்பிரிக்காவுல விட்பேங்க்ல ஹார்வர்டோட எட்வர்ட் நார்டெல் ஆட்கள் கட்டினது இன்னொரு கூண்டு. அங்க கேட்ட கேள்வி மாஸ்க் பத்தி. நோயாளி சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போட்டா பிரயோஜனம் உண்டா? 17 நோயாளிங்க, எல்லாருக்கும் பல மருந்து எதிர்ப்பு டிபி, ஒரு நாள் மாஸ்க், ஒரு நாள் இல்லன்னு மாத்தி மாத்தி மூணு மாசம். மாஸ்க் இல்லாத நாள் காத்தை இழுத்த 90 கினிப்பன்றியில 69க்கு தொத்துச்சு, மாஸ்க் நாள் காத்தை இழுத்த 90ல 36க்கு. ஆபத்து 56 சதவீதம் கம்மின்னு 2012ல வந்த அந்த பேப்பர் மதிப்பிட்டுச்சு. நல்ல எண்ணுதான், ஆனா அந்த 36ஐ மறந்துடக்கூடாது, மாஸ்க் போட்டும் 36. அதே இடத்துல அப்புறம் நடந்த வேலையில, பல மருந்து எதிர்ப்பு டிபியா இருந்தாக்கூட சரியான மருந்து ஆரம்பிச்ச நோயாளிங்க கினிப்பன்றிக்கு கிட்டத்தட்ட பரப்பவே இல்ல, பரப்பினது இன்னும் கடுமையான எதிர்ப்பு இருக்குன்னு கண்டுபிடிக்கப்படாம தப்பான மருந்துல இருந்தவங்க. மறுபடியும் அதேதான். வார்டுல எல்லாரும் பயந்து ஒதுங்கற, ஃபைல்ல சிவப்பு எழுத்துல டிபின்னு போட்ட ஆளு இல்ல. இன்னும் பேரு வைக்காத ஆளு, பொது வார்டுல நிமோனியான்னு அட்மிட் ஆகி ஒரு வாரமா இருமிட்டு இருக்கிற ஆளு, அவர்தான் பால்டிமோரோட 100.

இதையெல்லாம் படிச்சு முடிச்ச சூட்டுல நான் ஒரு ஆஸ்பத்திரியோட தொற்றுத் தடுப்பு கமிட்டி மீட்டிங்ல உட்கார வேண்டி வந்துச்சு, எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். டிபி வார்டுக்கு புற ஊதா விளக்கு வாங்கறதா, காத்து சுத்திகரிக்கிற மெஷின் வாங்கறதான்னு ஒரு மணி நேரம் கொட்டேஷன் ஓடுச்சு. விளக்கு வேலை செய்யும், பால்டிமோர்ல பூஜ்யம் வந்ததே அதாலதான், அதுல எனக்கு சண்டை இல்ல. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: பொது வார்டுல இருமலோட சேர்ற ஒருத்தரோட சளி லேபுக்குப் போக எத்தனை நாள், ரிப்போர்ட் வர எத்தனை நாள், முதல் மாத்திரை வாயில போட எத்தனை நாள்? சளியில டிபி கிருமி இருக்கான்னு பார்க்கிற ஜீன்எக்ஸ்பர்ட் மெஷின் ரெண்டு மணி நேரத்துல ரிசல்ட் தருது, அது நம்ம கீழ் மாடியிலயே இருக்கு, அப்போ மிச்ச நாள் எங்க போகுதுன்னு.

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் வார்டு சிஸ்டர்தான் சொன்னாங்க, 'சார், சளி டப்பா வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்தா திங்கக்கிழமைதான் எடுத்துட்டுப் போவாங்க.'